வன்னி வீதிகளும் புவியியல் தகவல் முறைமையும்: ஆய்வு முறை பற்றிய ஒரு மதிப்பீடு

நாடென்பது நிலம் மட்டுமன்று. அந்நிலத்தில் வாழ்வோர் ஒருவரையொருவர் சென்றடையும் வழியும் சேர்ந்ததே நாடு. வழியில்லாத இடத்தில் விளைந்த நெல் சந்தையை அடையாது. பிறந்த பிள்ளை பாடசாலையை அடையாது. நோயுற்றவர் வைத்தியரை அடையார். ஆதலின் வழிகளைப் பற்றிய ஆராய்ச்சி பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. மக்கள் வாழ்வில் அக்கறையுள்ள எவரும் அதனைக் கேட்டறியவும் நிறுத்துப் பார்க்கவும் உரிமையுடையர்.

இன்று பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டத்துக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் ஆராயும் மாணவர் பலரைக் கவரும் துறைகளுள் ஒன்று, புவியியல் தகவல் முறைமையைப் போக்குவரத்தோடு பொருத்திப் பார்க்கும் துறையாகும். நிலத்திலுள்ள வீதி, ஆறு, குடியிருப்பு, பாடசாலை ஆகியவற்றை அவ்வவற்றின் இருப்பிடத்தோடு கணினியில் பதிந்து, அடுக்கடுக்காக வைத்து ஒப்பிட்டு விடை காணும் முறையே புவியியல் தகவல் முறைமை எனப்படுவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்த வவுனியா நிறுவனம் 2021 ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே இவ்வாராய்ச்சி நம் வாசலுக்கே வந்துவிட்டது. வந்த விருந்தை வரவேற்பது பண்பு. அது கொணர்ந்த அளவுகோல் நம் நிலத்தை அளக்கப் போதுமானதா எனப் பார்ப்பது கடமை. அக்கடமையை ஒரு சிறிது நிறைவேற்றுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இத்துறை பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஐக்கிய அமெரிக்காவின் வோஷிங்ரன் பல்கலைக்கழகத்திலே 1950 களின் பிற்பகுதியில் வில்லியம் கரிசன் என்னும் பேராசிரியரைச் சூழ்ந்து பட்டப்பின் படிப்பு மாணவர் குழுவொன்று உருவாயிற்று. பிரயன் பெரி, டுவேன் மார்பிள், ரிச்சார்ட் மொறில், ஜோன் நைஸ்ருவன், வில்லியம் பங்கி, வால்டோ டொப்ளர் முதலியோர் அக்குழுவினர். அதுகாறும் புவியியலென்பது இடங்களை வருணிக்கும் கலையாகவே பெரும்பாலும் இருந்தது. இம்மாணவரோ எண்ணும் கணிதமும் கணினியும் கொண்டு புவியியலை ஆராய முற்பட்டனர். 1956 இல் அமெரிக்க அரசு பெருந்தெருக்களை அமைக்கும் மாபெருஞ் சட்டத்தை இயற்றியிருந்த காலம் அது. புதிய பெருந்தெரு ஊர்களை எவ்வாறு மாற்றுகின்றது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. கரிசனும் பெரி, மார்பிள், நைஸ்ருவன், மொறில் ஆகிய மாணவரும் சேர்ந்து பெருந்தெரு வளர்ச்சியும் புவியியல் மாற்றமும் பற்றி எழுதிய நூல் 1959 இல் வெளிவந்தது. புவியியல் தகவல் முறைமை என்ற பெயர் வழங்குமுன்னரே அதன் கருப்பொருள் வீதியாராய்ச்சியில் ஈடுபட்ட மாணவர் கைகளில் உருப்பெற்றது எனலாம்.

அதே காலத்தில் ஒல்லாந்து நாட்டில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் இளைஞர், புதிய கணினியொன்றின் ஆற்றலைப் பொதுமக்களுக்குக் காட்டும் பொருட்டு, அந்நாட்டின் 64 நகரங்களைக் கொண்ட வீதிப் படத்தில் ஓரூரிலிருந்து இன்னோரூருக்கு மிகக் குறுகிய வழி எது எனக் கண்டறியும் கணித நெறியை 1956 இல் வகுத்தார். அது 1959 இல் அச்சேறியது. இன்று கைத்தொலைபேசியில் வழிகேட்கும் ஒவ்வொருவரும் அந்நெறியின் வழித்தோன்றல்களையே பயன்படுத்துகின்றனர். 1960 களில் கனடா நாட்டின் நிலவளங்களைப் பதிவதற்காக ரொஜர் ரொம்லின்சன் முன்னின்று அமைத்த முறைமையே புவியியல் தகவல் முறைமை என்னும் பெயரைப் பெற்றது. அவர் தம் கலாநிதிப் பட்டத்தை இலண்டனில் 1974 இலேயே பெற்றார். செயல் முந்தியது, பட்டம் பிந்தியது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. மாணவர் ஆராய்ச்சி சிறிதென இகழத்தக்கதன்று. ஆயின், அம்மாணவர் கண்முன் இருந்த நிலமும் நம் கண்முன் உள்ள நிலமும் ஒன்றல்ல. கருவி எங்குஞ் செல்லும். கருவிக்குள் பொதிந்த எண்ணங்களும் அதனுடன் செல்லும். கருவியை ஏற்போர் அவ்வெண்ணங்களையும் ஆராயாது ஏற்றுவிடுவதுண்டு. அவ்வாறு ஏற்கப்படும் மூன்று எண்ணங்களை ஈண்டு எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, வலையமைப்பு என்னும் எண்ணம். காரல் கான்ஸ்கி என்பார் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 1963 இல் நூலாக வந்தது. ஊர்களைக் கணுக்கள் என்றும், அவற்றை இணைக்கும் வீதிகளை இணைப்புக்கள் என்றும் கொண்டு, ஒரு நாட்டின் போக்குவரத்து எவ்வளவு செறிந்தது என்பதைச் சில சுட்டெண்களால் அளக்கலாம் என அவர் காட்டினார். இன்றும் இத்துறையில் ஆராய்வோர் பலர் முதலிற் கையாளுவன இவையே. இவற்றை வன்னிக்குப் பொருத்திப் பார்ப்போம்.

வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, வெள்ளாங்குளம், பூநகரி என்னும் 11 இடங்களைக் கணுக்களாகக் கொள்வோம். கண்டி வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை 4 இணைப்புக்கள். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு 2. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு 2. ஒட்டுசுட்டானுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் 1. புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணி வழியாக ஒட்டுசுட்டானுக்கு 2. மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளத்துக்கு 1. வெள்ளாங்குளத்திலிருந்து பூநகரிக்கு 1. பூநகரியிலிருந்து பரந்தனுக்கு 1. ஆக 14 இணைப்புக்கள். இணைப்புக்களைக் கணுக்களால் வகுத்தால் வருவது பீற்றாச் சுட்டி. இங்கு அது 1.27. மூடிய சுற்றுக்கள் எத்தனை உள என்பதை, இருக்கக்கூடிய சுற்றுக்களின் உச்ச எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அல்பாச் சுட்டி. இங்குச் சுற்றுக்கள் 4, உச்சம் 17. ஆகவே அல்பா 0.24. ஒன்றுக்கு மேற்பட்ட பீற்றா சுற்றுக்கள் உடைமையைக் காட்டும். ஆகவே வன்னியின் வீதியமைப்பு தனிக்கிளைகளால் மட்டும் ஆனதன்று, ஓரளவு பின்னிய வலையே என்று ஆய்வேடு முடிவு கூறும். கணக்கிற் பிழையில்லை.

இனி மாரிகால வெள்ளத்தால் பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடைப்பட்ட வீதி ஓரிடத்தில் துண்டிக்கப்படுகிறது என வைத்துக்கொள்வோம். இணைப்புக்கள் 13 ஆகும், சுற்றுக்கள் 3 ஆகும், பீற்றா 1.18 ஆகவும் அல்பா 0.18 ஆகவும் குறையும். எல்லா ஊர்களும் இன்னும் இணைந்தேயிருக்கின்றன என்று சுட்டெண் சொல்லும். ஆனால் அவ்வீதியில் விசுவமடுவில் வாழும் ஒரு கர்ப்பிணி கிளிநொச்சி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டின், மேற்கே செல்லும் வழி அடைபட்டபின், கிழக்கே புதுக்குடியிருப்புக்குப் போய், ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் சுற்றி, வடக்கே திரும்பி வரவேண்டும். பயணம் பல மடங்காகிறது. சுட்டெண்ணில் நிகழ்ந்த மாற்றமோ ஆறு நூற்றுக்கூறு மட்டுமே. சுட்டெண் முழு வலையைப் பற்றிப் பேசுகின்றது. துன்பமோ ஒரு கிளையில் நிகழ்கின்றது. சராசரி மெய்யாயிருக்க, சராசரியால் மறைக்கப்பட்டவரும் மெய்யாகவே இருப்பர்.

ஆகவே சுட்டெண்களைத் தள்ளிவிடுக என்பது நம் கருத்தன்று. எந்த இணைப்பு அறுந்தால் எந்த ஊரார்க்கு எவ்வளவு இழப்பு என்று ஒவ்வோர் இணைப்பாக எடுத்தும் பார்க்க இக்கணினியாலேயே முடியும். அவ்வாறு செய்த ஆய்வேடு மதிப்புக்குரியது. ஒரே எண்ணைத் தந்து, அதனை வேறு மாவட்டங்களின் எண்ணோடு ஒப்பிட்டு, வரிசைப்படுத்தி நிறுத்திவிடும் ஆய்வேடு தேர்வாளருக்குப் போதும், ஊருக்குப் போதாது.

இரண்டாவது, வளர்ச்சி என்னும் எண்ணம். கரிசனின் மாணவராயிருந்த மொறிலும், எட்வேட் தாஃப், பீற்றர் கூல்ட் என்பாரும் சேர்ந்து, வளர்ச்சி குன்றிய நாடுகளில் போக்குவரத்து விரியும் முறை பற்றி 1963 இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினர். கானா, நைசீரியா நாடுகளை ஆராய்ந்து அவர்கள் கூறியது இது: தொடக்கத்தில் கரையோரத்தில் சிதறிய சிறு துறைமுகங்கள் இருக்கும், பின்னர் ஒன்றிரண்டு துறைமுகங்களிலிருந்து உள்நாட்டுக்குள் ஊடுருவும் வழிகள் தோன்றும், அவற்றிலிருந்து கிளைகள் பிரியும், கிளைகள் ஒன்றோடொன்று இணையும், ஈற்றிற் சில முதன்மைத் தடங்கள் ஏனையவற்றை விஞ்சி நிற்கும். ஊடுருவும் வழிகள் ஆட்சி, கனிப்பொருள், ஏற்றுமதிப் பயிர் ஆகிய காரணங்களால் எழுந்தன எனவும் அவர்கள் நேர்மையாக எழுதினர். இன்றுவரை பாடநூல்களில் இடம்பெறும் மாதிரி இது.

வன்னியின் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டால் இரு முரண்கள் தோன்றும். முதலாவது முரண், வன்னி தன் துறைமுகத்திலிருந்து உள்ளே திறக்கப்பட்ட நாடன்று. முல்லைத்தீவுத் துறை சிறு துறையாகவே நின்றது. கண்டி வீதியும் வடக்குப் புகையிரதப் பாதையும் தலைநகரையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் பொருட்டு வன்னியின் ஊடே சென்றன. 1905 இல் தென்னிலங்கைப் பாதை யாழ்ப்பாணத்தோடு இணைந்தபோது வன்னி அதன் நோக்கமாக இருக்கவில்லை. அதன் இடைவெளியாகவே இருந்தது. தன் ஊடே வழி செல்வதும் தனக்கென வழி இருப்பதும் வேறு வேறு. துணுக்காயில் வாழ்பவர் தம் மாவட்டத் தலைநகராகிய முல்லைத்தீவுக்குச் செல்லக் கண்டி வீதியை மாங்குளத்திற் குறுக்கே கடந்து கிழக்கே போகவேண்டும். பெருவீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. அவர் தேவையோ மேற்குக் கிழக்காகக் கிடக்கிறது.

இரண்டாவது முரண் இதனினும் பெரிது. அம்மாதிரியிலே ஒவ்வொரு படியும் மேல்நோக்கியே செல்லும். கீழிறங்கும் படி ஒன்றும் அதிலே இல்லை. 1956 முதல் ஓடிய யாழ்தேவி 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றது. அதன்பின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, நிலையங்கள் அழிந்தன. கண்டி வீதி நெடுங்காலம் மூடப்பட்டு, 2002 இல் திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்த பின்னரே திரும்பவும் திறக்கப்பட்டது. புகையிரதம் 2011 இல் ஓமந்தைக்கும், 2013 இல் கிளிநொச்சிக்கும், 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 இல் காங்கேசன்துறைக்கும் படிப்படியாக மீண்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தது. இவ்விழப்பை எந்தப் படியில் வைப்பது? மீண்டும் போடப்பட்ட பாதையைப் புதிய வளர்ச்சி என்று கணக்கில் எழுதினால், 1905 இல் பெற்றதையே 2014 இலும் வருமானமாகப் பதிவதாகும். கணக்கறிந்த வணிகர் எவரும் அவ்வாறு ஏடெழுதார். 2009 ஐத் தொடக்கமாக வைத்து, அதன்பின் எத்தனை மைல் வீதி போடப்பட்டது என்று மட்டும் வரைபடம் காட்டும் ஆய்வு, அவ்வாண்டுக்கு முன் என்ன இருந்தது என்னும் படத்தையும் அருகில் வைத்தல் வேண்டும். பழைய ஓரங்குலப் படங்கள் நில அளவைத் திணைக்களத்தார் வெளியிட்டவை. அவற்றைக் கணினியிற் பதிந்து இன்றைய படத்தின்மேல் வைப்பது அரிய செயலன்று. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்கள் பற்றி ஜே. பி. லூயிஸ் என்னும் ஆட்சி அலுவலர் எழுதிய கைந்நூல் 1895 இலேயே வெளிவந்தது. இடத்தை அறிந்து காலத்தை அறியாத ஆய்வு பாதி ஆய்வேயாகும்.

மூன்றாவது, தூரம் என்னும் எண்ணம். ஓரிடத்திலிருந்து எத்தனை வாய்ப்புக்களை எவ்வளவு எளிதிற் சென்றடையலாம் என்பதையே அணுகுதன்மை என்பர். 1959 இல் வால்ட்டர் ஹான்சன் எழுதிய கட்டுரை அதனை அளக்க வழி வகுத்தது. கிட்டிய வாய்ப்புக்கு நிறை கூடுதல், தூரத்து வாய்ப்புக்கு நிறை குறைவு என்பது அதன் சாரம். இக்கருத்து நன்று. ஆனால் நடைமுறையில் இது பெரும்பாலும் எவ்வாறு கையாளப்படுகிறது? பாடசாலையை நடுவாக வைத்து 5 கிலோமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் வரையப்படும். வட்டத்தின் பரப்பு 78.5 சதுரக் கிலோமீற்றர். அதற்குள் இருப்போர் பாடசாலை வசதி உடையோர் எனக் கொள்ளப்படுவர். வன்னியிலோ அவ்வட்டத்தினுள்ளே குளமிருக்கும், காடிருக்கும், களப்பிருக்கும். இரணைமடுவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நேர்கோடு இழுத்தல் கணினிக்கு எளிது, பிள்ளைக்கு எளிதன்று.

மக்கட்டொகையைக் கிராம அலுவலர் பிரிவின் நடுப்புள்ளியிற் குவித்து வைத்து அளப்பதும் இத்தகையதே. முல்லைத்தீவு மாவட்டம் 2,617 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. 2012 குடிசன மதிப்பின்படி அங்கே ஏறத்தாழ 92,000 பேர் வாழ்ந்தனர். ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 35 பேர். பெரும்பரப்பில் காடும் குளமும் கிடக்க, மக்கள் வீதியோரத்திலும் குளத்தின்கீழும் நெருங்கி வாழும் நாட்டிலே பிரிவின் நடுப்புள்ளி பெரும்பாலும் ஆளில்லாக் காட்டினுள் விழும். கொழும்பிலே சிறு பிழையாகும் முறை, வன்னியிலே பெரும் பிழையாகும்.

இக்குறையை அறிந்தோர் நேர்கோட்டை விட்டு வீதி வழியே தூரத்தை அளக்கின்றனர். அது திருத்தமே, எனினும் முழுத் திருத்தமன்று. எடுத்துக்காட்டாக, 12 கிலோமீற்றர் வீதியை மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 20 நிமிடம் ஆகும் என்று கணினி சொல்லும். அவ்வீதியிலே 3 மணித்தியாலத்துக்கு ஒரு பேருந்து ஓடுமாயின், நேரம் பாராது வந்து நிற்பவர் சராசரியாக 90 நிமிடம் காத்திருக்க வேண்டும். 20 நிமிடப் பயணம் 110 நிமிடமாயிற்று. நேரம் அறிந்து வருபவர் காத்திருப்பதில்லையே எனின், அவர் வேறிடத்திற் காத்திருக்கிறார் என்பதே விடை. மருந்து பெறும் வேலை ஒன்பது மணிக்கு முடிந்தாலும் திரும்பும் பேருந்து பன்னிரண்டுக்கு எனின், அம்மூன்று மணி நேரக் கூலி அவருக்கு இல்லை. மோட்டார்ச் சைக்கிள் உடையவருக்கு 20 நிமிடம், இல்லாதவருக்கு அரைநாள். வீதியின் நீளத்தை மட்டும் அறிந்த வரைபடம் இவ்விருவரையும் ஒருவராகவே காணும்.

இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்து உரைத்தவர் சுவீடன் நாட்டுப் புவியியலாளர் தோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட். 1970 இல் வெளிவந்த தம் கட்டுரையில், இட ஆய்வுகளிலே மனிதர் எங்கே என்று அவர் வினவினார். ஒருவர் ஒரு நாளில் எங்கெங்குச் செல்லலாம் என்பதை மூன்று தளைகள் கட்டுப்படுத்துகின்றன என்பது அவர் கோட்பாடு. உடலும் ஊர்தியும் தரும் ஆற்றலின் எல்லை ஒன்று. பிறரோடு ஓரிடத்தில் ஒரு நேரத்தில் கூடவேண்டிய கட்டாயம் மற்றொன்று. இந்நேரத்தில் இவ்விடத்துக்குச் செல்லலாகாது என்னும் அதிகாரத்தின் தடை மூன்றாவது. வன்னி மக்களுக்கு இம்மூன்றையும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாலை வகுப்பு ஐந்தரைக்கு முடிய, கடைசிப் பேருந்து ஐந்துக்குப் புறப்படுமாயின், அவ்வகுப்பு எத்துணை அருகிலிருந்தும் அப்பிள்ளைக்கு அது தொலைவிலுள்ளதே. 2002 க்கும் 2006 க்கும் இடையில் ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகளைக் கடந்து சென்றோர், வழியின் நீளத்தை மைலால் அன்றி மணியால் அளந்தனர். போர் முடிந்தபின்னும் கண்ணிவெடி அகற்றும் பணி பல்லாண்டு நீடித்த நிலத்திலே, படத்திற் கோடாகத் தெரிந்த பாதை காலடி வைக்கும் பாதையாக இருக்கவில்லை.

இனி, இவ்வாய்வுகளுக்கு அடிப்படையாகும் தரவுகளைக் கருதுவோம். நம் நாட்டில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியன. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு உரியன. எஞ்சிய சிறு வீதிகள் பிரதேச சபை முதலிய உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. தரம் உயர உயரத் தரவும் சீராகக் கிடைக்கும். தரம் தாழத் தாழத் தரவும் தேயும். ஆயின் பிள்ளை பாடசாலைக்கு நடக்கும் பாதையும், நெல் மூடை களத்திலிருந்து வெளியேறும் பாதையும் பெரும்பாலும் இக்கடைநிலைப் பாதைகளே. குளக்கட்டும் வாய்க்காற் கரையும் இங்கே வீதியாகப் பயன்படுகின்றன. கோடையில் வண்டி செல்லும் செம்மண் பாதை மாரியில் உழவு இயந்திரத்துக்கு மட்டும் இடந்தரும். 2018 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது எவ்வெப் பாதைகள் எத்தனை நாள் மூழ்கின என்பதை அவ்வவ்வூரார் அறிவர். ஒரு வீதிக்கு ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தை எழுதிவைக்கும் தரவுத் தொகுதி அதனை அறியாது. 2004 இல் இலண்டனில் தொடங்கப்பட்டு, தன்னார்வலர் எவரும் சேர்க்கவும் திருத்தவும் இடந்தரும் திறந்த வீதிப்படத்தை மாணவர் பலர் பயன்படுத்துகின்றனர். அது நல்ல முயற்சி. ஆயினும் தன்னார்வலர் மிகுந்த நகரத்தில் அது நிறைந்தும், அவர் குறைந்த நாட்டுப்புறத்தில் குறைந்தும் இருத்தல் இயல்பு. படத்தில் இல்லாமை நிலத்தில் இல்லாமையாகாது.

இவ்விடத்திலே, கரிசன் குழுவினருள் ஒருவரான வில்லியம் பங்கியை நினைத்தல் தகும். கோட்பாட்டுப் புவியியல் என்னும் நூலை 1962 இல் வெளியிட்டுக் கணித நெறியின் முன்னோடியெனப் புகழ்பெற்றவர் அவர். பின்னர் டெற்ரோயிற் நகரத்து ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிற் குடியேறி, அம்மக்களோடு சேர்ந்து படம் வரையலானார். அம்முயற்சியில் குவெண்டலின் வொரன் என்னும் இளம்பெண் முன்னின்று உழைத்தார். புறநகரிலிருந்து நகரின் நடுவுக்கு விரையும் மோட்டார் வண்டிகள் எவ்வெவ்விடங்களில் கறுப்பினக் குழந்தைகளை மோதின என்பதைக் காட்டும் படம் அவர்கள் வெளியிட்டவற்றுள் ஒன்று. போக்குவரத்துப் பொறியியலாளர் அதே வீதியை விரைவான வீதி என்று பதிந்திருப்பர். ஊரார் அதே வீதியைப் பிள்ளைகளை இழந்த வீதி என்று பதிந்தனர். இரண்டும் மெய்யே, எதனைப் படத்தில் வரைவது என்பதை வரைபவரின் வினாவே தீர்மானிக்கிறது. விரிவாக்கப்பட்ட கண்டி வீதியின் ஓரத்தில் பாடசாலைகள் பல உள்ள நம் நாட்டுக்கு இவ்வெடுத்துக்காட்டு அயலானதன்று.

தமிழ் கற்றோர்க்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு நம் இலக்கியத்திலேயே உண்டு. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை வழிகாட்டுவதையே வடிவமாகக் கொண்டது. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய மலைபடுகடாம், செல்லும் கூத்தருக்கு வழியின் நீளத்தை மட்டுமா கூறுகிறது? பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், வழுக்கும் பாறை, புனங்காப்போர் எறியும் கவண்கல், இரவில் தங்குமிடம், வழியில் உணவளிப்போர் ஆகிய யாவற்றையும் நடந்து செல்பவரின் நிலையில் நின்று கூறுகிறது. கவர்த்த வழிகளிலே பின்வருவோர் திகையாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறது. தாம் அறிந்த வழியைப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்லும் அந்த அறம், தரவுகளைத் தம் பட்டத்துக்குப் பின் பேழையிற் பூட்டிவைக்கும் ஆய்வாளருக்கு ஒரு பாடமாகும். பழம்பெருமை பேசுவதற்காக இதனைக் கூறவில்லை. வழியை அளக்கையில் வழிப்போக்கரை மறவாதிருத்தல் புதுமையான கோரிக்கையன்று என்பதைக் காட்டவே கூறினோம்.

நம் கருத்துக்கு இரு மறுப்புக்கள் எழக்கூடும். ஆய்வு பொதுவிதியைத் தேட வேண்டும். ஒவ்வோர் ஊரின் ஒவ்வொரு குறையையும் பதிவது அறிவியலாகாது என்பது ஒன்று. பொதுவிதி வேண்டுமென்பது உண்மையே. ஆயின், அருகிலுள்ளவை தூரத்திலுள்ளவற்றினும் மிகத் தொடர்புடையன என்று 1970 இல் டொப்ளர் கூறிய பொதுவிதியைக் கொண்டே பார்ப்போம். அருகு என்பது எதனால் அளக்கப்படுவது என்ற வினாவுக்கு விடையிறுக்காமல் அவ்விதி இயங்காது. மைலா, மணியா, கூலியா, அச்சமா? அளவையைத் தேர்வதே அறிவியலின் முதற்படி.

முறைமைகள் இன்று வளர்ந்துவிட்டன. பேருந்து அட்டவணையையும் வெள்ளப் பரப்பையும் உள்ளடக்க இன்றைய கணினியால் முடியும் என்பது மற்றொன்று. இதனை நாம் முற்றும் ஏற்கிறோம். செயற்கைக்கோட் படங்கள் வெள்ளப் பரப்பைச் சில நாட்களிலேயே காட்டுகின்றன. அட்டவணையோடு கூடிய பயண நேரத்தைக் கணிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்ஙனமாயின் குறை கருவியிலன்று, கருவியைக் கையாள்வோர் எடுக்கும் உழைப்பிலே என்பது தெளிவு. தயாராகக் கிடைக்கும் தரவோடு அமைபவர் தயாராகக் கிடைக்கும் முடிவோடேயே அமைய நேரும்.

இது கற்றோர் தமக்குள் பேசும் சொற்போர் மட்டுமன்று. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடி அருகிலுள்ளவற்றோடு இணைக்க வேண்டும் என்னும் யோசனை நம் நாட்டில் அடிக்கடி எழுகின்றது. அருகு என்பதை வட்டத்தால் அளந்து ஒரு படம் மேசைக்கு வந்தால், குளத்துக்கு அக்கரையிலுள்ள பாடசாலை இக்கரைப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ளதாகிவிடும். படத்தைக் கண்டு கையெழுத்திடுபவர் குளத்தைக் காணார். பிள்ளை சில நாள் நடக்கும், மாரி வரும், பின்னர் வரவுப் பதிவேட்டில் அதன் பெயருக்கு எதிரே வெற்றிடமே தொடரும். அப்பெயர் எத்தகைய படத்தினால் நீங்கிற்று என்பதை எந்த ஆய்வேடும் பதியாது. ஆசிரியராகிய நாம் இவ்வாராய்ச்சியை நிறுத்துப் பார்க்க வேண்டுவது இதன் பொருட்டே.

ஆகவே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இத்துறையில் ஆராயப் புகும் இளைஞரிடம் நான்கு வேண்டுதல்களை முன்வைக்கின்றோம். முதலாவது, மாரியில் ஒரு படமும் கோடையில் ஒரு படமுமாக இரு படங்கள் வரைக. இரண்டாவது, வீதியின் நீளத்தோடு அதிலே ஓடும் பேருந்தின் நேரத்தையும் பதிக. இலங்கைப் போக்குவரத்துச் சபை, தனியார் என்னும் இருவகை வண்டிகளின் நேரங்களையும் நிலையத்திலே நின்று ஒரு கிழமை எழுதினாலே போதும். மூன்றாவது, படத்தை முடிக்குமுன் ஊராரிடம் விரித்துக் காட்டுக. பாலும் மீனும் விற்கச் செல்வோரும், பாடசாலைப் பிள்ளைகளும், முச்சக்கர வண்டி ஓட்டுநரும் ஒரு பிற்பகலில் திருத்தித் தரும் பிழைகளைக் கணினி ஓராண்டிலும் கண்டுபிடியாது. நான்காவது, ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, படத்தோடு பிரதேச செயலகத்திலும் பொது நூலகத்திலும் வைக்க. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து மறுக்கும் வாய்ப்பு மக்களுக்கு வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செல்வம் வேண்டுவதன்று. இரு பருவங்கள் காத்திருக்கும் பொறுமையும், நிலத்திலே நடக்கும் கால்களும், கேட்கும் செவியும் வேண்டும். வோஷிங்ரனிலே கூடிய மாணவர் சிலர் தம் நாட்டுப் பெருந்தெருக்களைக் கண்டு வினவிய வினாக்கள் ஒரு துறையையே தோற்றுவித்தன. வன்னியின் மாணவர் தம் குளக்கட்டுகளையும் செம்மண் பாதைகளையும் கண்டு வினவத் தொடங்கின், அத்துறைக்கு இன்றில்லாத ஓர் அளவுகோலை அவர்களால் தரவியலும்.